புரோகிராமுக்குள் ஒரு மனசு



கம்ப்யூட்டருக்கு உணர்ச்சி கிடையாது என்று முதல் வருஷத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அதற்கு நாம் எழுதும் புரோகிராமில் உணர்ச்சி உண்டு! நம்பவில்லையா?

1969 ஜூலையில் அப்போலோ 11-ஐ நிலவில் இறக்கிய புரோகிராம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் எழுதப்பட்டது. 2016-இல் அது கிட்ஹப்பிலும் ஏற்றப்பட்டது. அதில் இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம், அப்படித்தான் நம்புகிறேன்’ என்ற கருத்தில் ஒரு கமெண்ட். ‘நம்புகிறேன்’ மட்டும் மூன்று தடவை! எழுதியவருக்கு எவ்வளவு தவிப்பு பாருங்கள். அந்தத் தற்காலிக வரிகள் நிலவுக்கே போய்விட்டன.

1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இன்னொன்று: ‘இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை.’ திமிர் என்றுதான் தோன்றும். ஆனால், ‘இது பரீட்சைக்கு வராது’ என்ற அர்த்தத்தில்தான் எழுதியதாக டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார். அந்த இடம் தங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்!

இனி என் கதை. எங்கள் பிராஜெக்ட், லைப்ரரி அபராதக் கணக்கு. நாளுக்கு ஒரு ரூபாய். வைவாவுக்கு முந்தின ராத்திரி பார்த்தால் ஒரு ரூபாய் கூடுதலாக வருகிறது. ஏன் என்று தேடப் பொறுமையில்லை. எரிச்சலில் கடைசியில் ஒன்றைக் கழித்துவிட்டு, ‘தொடாதே!!’ என்று கமெண்ட் போட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் எக்ஸ்டர்னல் சார் கேட்டார்: “இந்த ஒண்ணை ஏம்ப்பா கழிச்சே?” நான் முழித்தேன். கெடுவுக்குள் திருப்பிய புத்தகம் ஒன்றைப் பதிந்தார். அபராதம் மைனஸ் ஒரு ரூபாய்! லைப்ரரி நமக்குக் காசு தரணுமாம். என் எரிச்சலுக்கு, பாவம், பார்ட்னருக்கும் மார்க் போச்சு.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். பயந்தவன் ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் சரிபார்க்கிறான். சலித்தவன் ஏ1, ஏ2, ஏ3 என்றே பெயர் வைக்கிறான். கர்வம் வந்தவன் ஐந்து வரி வேலையை ஒரே வரியில் திணிக்கிறான்.

உணர்ச்சி வருவது தப்பில்லை. காரணத்தையும் கூடவே எழுதுங்கள், அவ்வளவுதான். ‘தொடாதே’ என்பதற்குப் பதில் ‘ஒரு ரூபாய் கூடுகிறது, காரணம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால், காலையில் பார்ட்னரே கண்டுபிடித்திருப்பான்.

நாளை நம் புரோகிராமைத் திறப்பவன் நம் நண்பனாகவே இருக்கலாம். அவனுக்கு நம் கோபம் வேண்டாம், காரணம் போதும்!