ஒபாமாவா, மெக்கெய்னா: பழி யார் தலையில்?

கேள்வி: 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, பொருளாதாரச் சரிவுக்கு மற்ற கட்சிதான் காரணம் என்று இரு தரப்பு வாக்காளர்களும் சண்டை போட்டார்களே, யார் சொன்னது சரி?

பதில்: இரு தரப்புமே பாதிக் கதையைத்தான் சொன்னன.

ஒபாமா ஆதரவாளர்கள் கைகாட்டியது, மெக்கெய்னின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த புஷ்ஷின் எட்டாண்டு ஆட்சியை. செப்டம்பர் 15 அன்று முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. அதே நாளில் மெக்கெய்ன், பொருளாதாரத்தின் அடிப்படைகள் வலுவாகவே இருப்பதாகப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய பொருளாதார ஆலோசகராக இருந்த பில் கிராம், வங்கிகள் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்திய 1999 சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்.

மறுதரப்பு சும்மா இருக்குமா? அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கிளின்டன்தானே என்றது. வீட்டுக்கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டையும் ஜனநாயகக் கட்சியினர் கண்டிக்காமல் விட்டார்கள் என்றும் குற்றம் சாட்டியது.

இந்தக் கூச்சலில் அதிகம் அடிபடாமல் போனவை வேறு. மத்திய வங்கி 2003-ல் வட்டியை ஒரு சதவீதத்துக்கு இறக்கியது. திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வங்கிகள் கடனை அள்ளிக் கொடுத்தன. அந்தக் கடன்களை ஒன்றாகத் தொகுத்துப் பத்திரங்களாக்கி விற்றார்கள். தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அவற்றுக்கு முதல்தர முத்திரை குத்தின.

வேடிக்கை என்னவென்றால், 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் அக்டோபர் 1 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஒபாமா, மெக்கெய்ன் இருவருமே ஆதரித்துத்தான் வாக்களித்தார்கள். நவம்பரில் ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். மெக்கெய்னுக்குக் கிடைத்தவை 173.