தராசின் முள்ளைப் பாருங்கள்

(குழுவாக இருந்து வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

சொந்த ஊரில் இருந்த காலத்தில் நாம் கடைக்குப் போனது உப்பு, சீனி, தேயிலை, மண்ணெண்ணெய் போன்ற சில பொருட்களுக்காக மட்டுமே. நெல் வீட்டில் மூடையாக இருந்தது. தேங்காய் வளவில் விழுந்தது. முற்றத்து முருங்கையும் வேலியோரத்துப் பாகலும் கறிக்கு உதவின. அரிசியை அளக்கும் கொத்து எமது கையில் இருந்தது.

இடம்பெயர்ந்த பின்னர் இந்த நிலை தலைகீழாக மாறியது. அரிசி முதல் பச்சைமிளகாய் வரை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குகிறோம். அதுவும் மூடைக் கணக்கில் அல்ல. அன்றன்று கிடைக்கும் கூலிக்கு ஏற்ப அரைக்கிலோ, கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்குகிறோம். இப்போது அளக்கும் கொத்து இன்னொருவர் கையில் இருக்கிறது.

விளைவித்துக் கொடுத்தவர்கள் வாங்கி உண்பவர்களாக மாறும்போது புதிய சில பாடங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்று இது.

கேட்காமல் விட்ட கேள்வி

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு தாய் தன் பத்து வயது மகளை அரைக்கிலோ பருப்பு வாங்க அனுப்புகிறாள். பிள்ளை பருப்புப் பையோடும் இரண்டு டொபிகளோடும் வருகிறாள்.

“மிச்சக் காசு எங்கை பிள்ளை?”

“சில்லறை இல்லையாம் அம்மா. டொபி தந்தவர்.”

தாய் பையைக் கையில் தூக்கிப் பார்க்கிறாள். “இது அரைக்கிலோ வராதே!”

பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாள்: “விடு தங்கச்சி. அந்தக் கடையிலைதானே கடனுக்கும் எடுக்கிறாய். போய்க் கேட்டால் நாளைக்குக் கொப்பியிலை எழுதமாட்டார்.”

தாய் பருப்பைப் பேணியில் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாள். சூட்டைப் பார்த்தே எத்தனை புசல் தேறும் என்று சொன்ன குடும்பத்துப் பெண் அவள். அவளுடைய கை பிழையாகச் சொல்லியிராது. கடன் கொப்பியை நினைத்து அவள் வாய் பேசவில்லை.

இது எங்கள் குடியிருப்புகளில் புதிய கதையல்ல. “சின்ன விடயம்தானே” என்று ஒவ்வொரு நாளும் விட்டுவிடுகிறோம். உண்மையில் இது எவ்வளவு சின்னது என்று முதலில் கணக்குப் பார்ப்போம்.

சின்னக் குறைவின் பெரிய கணக்கு

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் ஒரு நாளைக்கு 100 கிராம் குறையும். ஒரு கைப்பிடிதான். ஆனால் 365 நாட்களுக்கு அது 36½ கிலோவாகிறது. அதே குடும்பத்துக்கு 18 நாட்களுக்குப் போதுமான அரிசி அது.

மிச்சக் காசுக்குப் பதிலாக நாளொன்றுக்கு 5 ரூபா பெறுமதியான டொபி வந்தால் வருடத்துக்கு 1,825 ரூபா. பிள்ளையின் கொப்பிக்கும் பேனைக்கும் உதவக்கூடிய காசு பல்லுக்குக் கேடாகப் போகிறது.

குறைவு எங்கிருந்து வருகிறது?

எல்லாக் குறைவும் களவு அல்ல. பழுதடைந்த தராசை அறியாமல் வைத்திருக்கும் வியாபாரிகளும் உண்டு. ஆகவே ஆளைப் பார்க்காமல் தராசைப் பார்ப்போம்.

இரட்டைத் தட்டுத் தராசு: இரண்டு தட்டும் வெறுமையாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கவேண்டும். படிக்கல்லுக்குப் பதிலாகக் கருங்கல்லோ இரும்புத் துண்டோ வைத்து நிறுத்தால் அந்த நிறைக்கு உத்தரவாதம் இல்லை.

கொழுவித் தூக்கும் வில்லுத் தராசு: மீனுக்கும் மரக்கறிக்கும் இதையே பெரும்பாலும் பாவிக்கிறார்கள். வெறுமையாகத் தொங்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வில்லு பழசாகித் தளர்ந்தால் அது கூடுதலாக இழுபடும். உள்ளதை விட அதிக நிறை காட்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது வாசிக்க விடாதீர்கள். ஆட்டம் நின்ற பின்னரே நிறை சரி.

இலத்திரனியல் தராசு: இலக்கம் தெரிவதால் பிழையே வராது என்று எண்ணவேண்டாம். பொருளை வைக்குமுன் பூச்சியம் காட்டவேண்டும். மட்டப் பெட்டியிலோ கிண்ணத்திலோ வைத்து நிறுத்தால் அதன் நிறையைக் கழிக்கவேண்டும். இலக்கம் வாங்குபவருக்கும் தெரியும்படி தராசு இருக்கவேண்டும்.

போத்தலும் லீற்றரும்: தேங்காய் எண்ணெய், பால் போன்றவற்றைப் போத்தல் கணக்கில் விற்பது எமது பழக்கம். ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் அல்ல. ஒரு கடையில் போத்தல் விலையும் இன்னொரு கடையில் லீற்றர் விலையும் சொன்னால், போத்தல் விலையை 3 ஆல் பிரித்து 4 ஆல் பெருக்குங்கள். அப்போது லீற்றர் விலை வரும்.

பாண்: ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்றும், குறைந்தால் 13.5 கிராமுக்கு மேல் குறையக்கூடாது என்றும் 2024 ஆம் ஆண்டில் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. அரை இறாத்தல் பாண் 225 கிராம். குறைவு 9 கிராமுக்கு மேற்படக்கூடாது.

வியாபாரத்தில் பாவிக்கும் தராசுகளையும் படிகளையும் வருடந்தோறும் பரிசோதித்து முத்திரை இடவேண்டும். இதற்கு 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இதைக் கவனிக்கிறது. முத்திரை இல்லாத தராசைக் கண்டால் மாவட்டச் செயலகத்தில் தெரிவிக்கலாம்.

வீட்டிலே ஒரு தராசு

ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. இது ஒன்றைத் தெரிந்தால் போதும். படிக்கல் இல்லாமலே நிறை பார்க்கலாம்.

1. இரண்டரை அடி நீளமான நேரான தடி ஒன்றை எடுத்து, நடுவில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

2. இரு நுனியிலிருந்தும் ஒரே அளவு தூரத்தில் அடையாளம் வெட்டி, ஒரே மாதிரியான இரண்டு பைகளைக் கட்டுங்கள்.

3. வெறும் பைகளோடு தடி மட்டமாக நிற்கவேண்டும். நிற்காவிட்டால் நடுக்கயிற்றைச் சற்று நகர்த்துங்கள்.

4. ஒரு பையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வையுங்கள். மற்றப் பையில் வாங்கிய ஒரு கிலோ பொருளோடு அதே வகையான வெறும் போத்தல் ஒன்றையும் வையுங்கள். இப்போது இரு பக்கப் போத்தல்களின் நிறையும் சரிக்குச் சரியாகிவிடும்.

5. பின்னர் இரு பக்கத்தையும் இடம் மாற்றித் தூக்கிப் பாருங்கள். இரண்டு தடவையும் பொருளே மேலே போனால்தான் நிறை குறைவு. ஒரு தடவை மட்டும் மேலே போனால் பிழை எமது தடியில் இருக்கிறது.

அரைக்கிலோவுக்கு 500 மில்லிலீற்றர் போத்தலைப் பாவிக்கலாம். இந்தத் தடித் தராசு ஐந்து, பத்துக் கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. கிலோவுக்கு ஐம்பது, நூறு கிராம் குறைந்தால் காட்டிவிடும். ஆகவே இதை வைத்து எவரையும் கள்ளன் என்று சொல்லிவிடக்கூடாது. “இன்னொருமுறை நிறுத்துப் பாருங்கோ” என்று கேட்பதற்கு இது போதும்.

பக்கற்றில் எழுதியிருப்பது

அடைத்து வரும் பொருட்களில் நான்கு விடயங்களை வாசிக்கப் பழகவேண்டும்: நிறை, ஆகக்கூடிய சில்லறை விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி. எழுத்துச் சிறியதாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். பிள்ளைக்கும் அது படிப்புத்தான்.

பொறித்த விலையை விடக் கூட்டி விற்பதும், விலையையோ திகதியையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். ஒரு விலைக்கு மேல் இன்னொரு விலைத்துண்டு ஒட்டியிருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று: சவர்க்காரத்தின் விலை அப்படியே இருக்கும், ஆனால் கட்டி சிறுத்திருக்கும். பிஸ்கட் பக்கற்றில் ஒன்றிரண்டு பிஸ்கட் குறைந்திருக்கும். புதிய நிறையைப் பக்கற்றிலே எழுதியிருந்தால் இது குற்றமாகாது. ஆகவே விலையை மட்டும் பார்க்காமல் கிராமையும் பாருங்கள்.

சிறிய பக்கற் மலிவுபோலத் தோன்றும். உதாரணமாக, 100 கிராம் பக்கற் 60 ரூபா, 400 கிராம் பக்கற் 200 ரூபா என்று கொள்வோம். நான்கு சிறிய பக்கற் வாங்கினால் 240 ரூபா. அதாவது, கையில் காசு குறைந்தவரே 40 ரூபா கூடக் கொடுக்கிறார். இதற்கு ஒரு வழி கூட்டாக வாங்குவது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து 50 கிலோ மூடை ஒன்றை வாங்கி, பத்துக் கிலோ வீதம் பிரிக்கலாம். கணக்கை ஒருவர் எழுதவேண்டும். நிறுப்பதை எல்லோரும் பார்க்கவேண்டும்.

விதை வாங்கும்போதும் திகதி முக்கியம். ஐயம் இருந்தால் விதைக்குமுன் 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முளைக்காத விதையால் காசு மட்டுமல்ல, போகமும் நட்டம்.

எப்படிக் கேட்பது?

அந்தத் தாய் பேசாமல் இருந்ததற்கு நியாயம் இருக்கிறது. வந்த இடத்தில் பகை தேடமுடியாது. கடன் தருபவரை முறித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் சண்டை பிடிப்பது வேறு; கேட்பது வேறு.

நிறுத்த பின்னர் குறைசொல்வதை விட, நிறுக்குமுன் கேட்பது நல்லது. “அண்ணை, முள்ளு பூச்சியத்திலை நிக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்று சொன்னால் எவருக்கும் மானக்கேடு இல்லை. “டொபி வேண்டாம் அண்ணை, மிச்சத்தைக் கொப்பியிலை வரவு வையுங்கோ” என்று சொல்லலாம். கடன் கொப்பி கடையில் ஒன்று இருந்தால், வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். பொருள், நிறை, விலை, திகதி ஆகிய நான்கையும் அன்றைக்கே இரண்டிலும் எழுதுங்கள். ஒருவர் தனியாகக் கேட்கத் தயங்கினால், அயலவர் இருவர் மூவராகச் சேர்ந்து போங்கள்.

இப்படிக் கேட்டும் பயன் இல்லையென்றால் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அமைக்கப்பட்டது. அச்சட்டத்தில் எமக்கு உதவும் சில விடயங்கள்:

வியாபாரி விலைப்பட்டியலைப் பலருக்கும் தெரியும்படி வைக்கவேண்டும்.

வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும்.

தரக்குறைவான பொருள் பற்றியோ, கொடுத்த உத்தரவாதத்தை மீறியது பற்றியோ முறையிடுவதானால், வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும்.

அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசி மூலமும் அறிவிக்கலாம். எந்தக் கடை, எந்தத் திகதி, என்ன பொருள், என்ன குறை என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் பக்கற்றையும் எறிந்துவிடவேண்டாம். அவைதான் எமது சாட்சி.

எமது தராசு

வாங்கும்போது மட்டுமல்ல, விற்கும்போதும் விவசாயி தராசின் முன்னால் நிற்கிறான். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் 100 கிலோவுக்கு 10 கிலோ “கழிவு” பிடிக்கும் வழக்கத்தைப் பற்றி விவசாயிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் நிறுத்து எழுதிக்கொண்டு சந்தைக்குப் போனவருக்குத்தான் என்ன குறைந்தது என்று தெரியும். ஆகவே விற்கும் பொருளையும் வீட்டிலேயே நிறுத்து எழுதிக்கொள்வோம்.

அதேவேளை எமது பக்கத்தையும் பார்க்கவேண்டும். நல்ல தக்காளியை மேலே அடுக்கி நசிந்ததைக் கீழே வைப்பதும், கீரைக்குத் தண்ணீர் தெளித்து நிறை கூட்டுவதும், பாலில் தண்ணீர் சேர்ப்பதும் இதே குற்றத்தின் மறுபக்கம். அதை வாங்குபவரும் எம்மைப் போல அன்றாடக் கூலிக்காரராக இருக்கலாம்.

நிலம் கைவிட்டுப் போனபோது எம்மோடு வந்தவை சில. அவற்றில் ஒன்று, தானியத்தைக் கையில் அள்ளியதும் அளவு சொல்லும் அறிவு. அதை நம்புங்கள். கை குறைவென்று சொன்னால், வாயும் மெதுவாக அதைச் சொல்லட்டும்.

கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஒரு மாதத்தில் நிறை, விலை, மிச்சக் காசு தொடர்பாக உங்களுக்கு ஏற்பட்ட குறை ஒன்றைச் சொல்லுங்கள். கேட்டீர்களா? கேட்கவில்லையானால் ஏன்?

2. கடன் தரும் கடைக்காரருக்கு இருக்கும் சிரமங்கள் எவை? அவரையும் அழைத்துப் பேசமுடியுமா?

3. உங்கள் குடியிருப்பில் கூட்டாக வாங்கக்கூடிய மூன்று பொருட்கள் எவை? கணக்கை யார் எழுதுவார்?

செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு முன்னர் தடித் தராசு ஒன்றைச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு ஐந்து குடும்பங்கள் வாங்கும் அரிசியையும் பருப்பையும் நிறுத்துப் பார்த்து எழுதுங்கள். கூடுதலாக இருந்தாலும் எழுதுங்கள். சரியாக நிறுக்கும் கடை எதுவென்று தெரிந்தால் அதை அயலவருக்கும் சொல்லுங்கள்.