ஃபிரிட்ஜ் தட்டில் வளர்ந்த கொசு!

"டாக்டர், எங்க வீட்டுப் பக்கம் சாக்கடையே இல்ல. தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன். அப்புறம் எப்படி என் பிள்ளைக்கு டெங்கு வந்துச்சு?"

2012-ல் நெல்லை மாவட்டத்தில் டெங்கு பரவியபோது ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு தாக்கியது. 66 பேர் இறந்தனர். நல்லவேளையாக இவர் மகன் பிழைத்துவிட்டான்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்கே போனேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தட்டை இழுத்துப் பார்த்தால், உள்ளே புழுக்கள் நெளிந்தன! அந்தத் தாயின் முகம் வாடிவிட்டது. அவரை நான் குறை சொல்லவில்லை. அன்று மாலை என் வீட்டுத் துளசித் தொட்டியின் அடித்தட்டைத் தூக்கினேன். அங்கேயும் அதே புழுக்கள்தான்.

நல்ல தண்ணீர்க் கொசு

டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. பகலில் கடிக்கும். சாக்கடையைவிட, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்புறச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவணும் என்கிறோம்.

ஹவானா சொன்ன பாடம்

கியூபாவின் ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியதும் இதே கொசுதான். டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே இதைச் சொன்னார், பெரும்பாலோர் நம்பவில்லை. 1900-ல் வால்டர் ரீட் குழு அதை நிரூபித்தது. 1901-ல் ராணுவ மருத்துவர் வில்லியம் கார்கஸ் வீடு வீடாக ஆள் அனுப்பினார். தொட்டிகளை மூட வைத்தார், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார், புழு இருந்த வீட்டுக்கு அபராதம் போட்டார். நோயாளியைக் கொசு கடிக்காமல் வலை அடித்துக் காத்தார். தடுப்பூசி இல்லாத காலம் அது. ஆனாலும் சில மாதங்களிலேயே நோய் அடங்கியது!

புகை போட்டால் போதாதா?

நோய் பரவும்போது தெருவில் அடிக்கும் புகைமருந்து, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தட்டிலுள்ள புழு சில நாளில் புதுக் கொசுவாகிவிடும். நம் வேப்பிலை, நொச்சிப் புகை கொசுவைச் சற்று நேரம் விரட்டும், ஒழிக்காது. கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், நிலவேம்புக் குடிநீர் கொசு கடிப்பதைத் தடுக்காது.

வெள்ளிக்கிழமை வேலை

வீடு கழுவும் வெள்ளிக்கிழமையை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

* குடம், டிரம், தொட்டியை உட்புறம் தேய்த்துக் கழுவி, காயவைத்து, நிரப்பியதும் துணியால் இறுகக் கட்டுங்கள்.
* ஃபிரிட்ஜ், ஏர்கூலர், பூந்தொட்டித் தட்டுகளைக் கவனியுங்கள்.
* டயர், சிரட்டை, உடைந்த பக்கெட்டை அப்புறப்படுத்துங்கள். முற்றத்து ஆட்டுக்கல் குழியைத் துடைத்துக் கவிழ்த்து மூடுங்கள்.
* கிணற்றில் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம், புழுவைத் தின்றுவிடும்.
* சுகாதாரப் பணியாளர் வந்தால் வாசலோடு அனுப்பாதீர்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்...

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தானாகக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு ஏற்படலாம். நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் இருக்கட்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது.

காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால், கஷாயம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தாய் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "டாக்டர், இப்பல்லாம் வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கிறதுக்கு முன்னாடி அந்தத் தட்டைத்தான் தேய்க்கிறேன்."

இந்த வெள்ளிக்கிழமை நீங்களும் தேய்த்துவிடுங்களேன்!