ஆராய்ச்சிப் படிப்பும் அதன் வரவு செலவும்



மகன் பௌதிகத்தில் பட்டம் பெற்றதும், "இனிமேல் படிக்கவைக்க நம்மால் ஆகாது, கடைக்கு வா" என்று சொல்லும் தகப்பனார் நம்மில் பலர். செலவுக்கு அஞ்சுவது இயல்பே. ஆனால், பௌதிகத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் நாம் பணம் கட்டும் படிப்பன்று; மாதப்படி பெற்றுச் செய்யும் வேலை. இதை அறியாமல் பிள்ளையின் வழியை அடைத்துவிடக் கூடாது.

முதற் பாடம்: டாக்டர் பட்ட இடம். மாணவர் ஒரு பேராசிரியரின் கீழ் மூன்று முதல் ஐந்தாண்டு உழைத்து, புதிதாக ஒன்றைக் கண்டறிந்து ஆய்வேடு எழுத வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெறுவோருக்குக் கட்டணமும் தீர்ந்து, மாதப்படியும் கிடைக்கிறது. நெதர்லாந்திலோ பெரும்பாலும் நான்காண்டு உடன்படிக்கை எழுதிச் சம்பளத்துக்கே அமர்த்துகிறார்கள்.

இரண்டாம் பாடம்: பட்டத்துக்குப் பிந்திய இடம். இதைப் 'போஸ்ட்டாக்' என்பர். சம்பளம் முன்னதைவிடக் கூடுதல். ஆனால் இரண்டு மூன்றாண்டுத் தவணைதான். இவ்விதம் நாடுவிட்டு நாடு மாறியும் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிட்டாதோர் பலர். ஆயினும் கற்ற கணக்கும் கம்ப்யூட்டர் திறமையும் வீண்போவதில்லை. பாங்குகளும் கம்பெனிகளும் அவர்களை விரும்பி எடுக்கின்றன.

மூன்றாம் பாடம்: ஓர் உதாரணம். இத்தாலியில் காப்பிக் கொட்டை வந்திறங்கும் துறைமுகப் பட்டணம் திரியெஸ்தே. பௌதிக மேதை அப்துஸ் ஸலாம் 1964-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் இவர். வளரும் நாட்டுப் பட்டதாரிகளை டாக்டர் படிப்புக்குத் தயார்செய்ய அங்கே ஓராண்டு டிப்ளோமா நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டோருக்குக் கட்டணமில்லை, செலவுக்கும் பணம் தருகிறார்கள். போஸ்ட்டாக் இடங்களும் அங்கு உண்டு.

கம்ப்யூட்டர் கொண்டு செய்யும் ஆராய்ச்சி யாதென்பதற்கும் அவ்வூரே சாட்சி. அணுக்கள் எவ்வாறு அசையும் என்பதைக் கம்ப்யூட்டரிலேயே கணக்கிடும் ஒரு முறையை, 1985-இல் கார், பாரினெல்லோ என்னும் இருவர் அங்கிருந்து வெளியிட்டனர். உலோகத்தையும் நீரையும் ஆராய்வோர் இன்றும் அதைக் கையாளுகின்றனர்.

நான்காம் பாடம்: கேட்க வேண்டிய கேள்விகள்.

1. மாதப்படி எத்தனை ஆண்டுக்கு உறுதி?
2. பணம் தருவது கல்விச்சாலையா, பேராசிரியரின் தனித் திட்டமா? திட்டம் எந்த ஆண்டு முடிகிறது?
3. படிப்புக் கட்டணம் தள்ளுபடியா? வைத்தியச் செலவு யார் பொறுப்பு?
4. அந்தப் பேராசிரியரிடம் முன்பு பயின்றோர் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

விண்ணப்பங்களைப் பல மாதம் முன்னதாகவே வாங்கிவிடுவார்கள். ஆகவே, கடைசி ஆண்டுப் படிப்பின்போதே பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வைக்க வேண்டும். சிறு விண்ணப்பக் கட்டணம் சில இடங்களில் உண்டு. அதற்கு மேல், "இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்பவர் தரகர், அவரை நம்பலாகாது.

கடை வாடகைப் பத்திரத்தை வரிவரியாக வாசிக்காமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. பிள்ளைக்கு வரும் ஆராய்ச்சி இடத்தின் கடிதத்தையும் அவ்வாறே அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.