மழைமானியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாழை, வெங்காயம், மிளகாய் போட்டிருப்பவர்கள் காப்பீட்டுக்குப் பணம் கட்டுமுன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். உங்கள் பகுதியில் உங்கள் பயிர் பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் இருக்கிறதா, வானிலை அடிப்படையிலான காப்பீட்டில் இருக்கிறதா? அரசு அறிவிக்கைதான் இதை முடிவு செய்கிறது. நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

2016 முதல் இரண்டு திட்டத்திலும் விவசாயியின் பங்கு ஒன்றுதான்: ராபி உணவுப் பயிருக்கு 1.5 சதவீதம், ஆண்டுப் பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் அதிகபட்சம் 5 சதவீதம். இழப்பைக் கணக்கிடும் முறைதான் வேறு. முதலாவதில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, அந்தப் பகுதியின் சராசரி மகசூலைப் பார்க்கிறார்கள். அதனால் பணம் வரத் தாமதமாகும். வானிலைக் காப்பீட்டில் அந்தக் காத்திருப்பு இல்லை. உங்கள் வயலையும் யாரும் பார்ப்பதில்லை. பேசுவது உங்கள் பகுதிக்குக் குறித்திருக்கும் வானிலை நிலையத்தின் மழைமானி போன்ற கருவிகளின் பதிவு மட்டும்தான்.

அதனால் இழப்பீட்டு நிபந்தனைகள் எழுதியிருக்கும் டேர்ம் ஷீட்டைக் கேட்டு வாங்கி, புரியும்வரை படியுங்கள். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு மாதத்தில் 100 மி.மீ.க்குக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு மி.மீ.க்கும் ஏக்கருக்கு ரூ.50. உங்கள் வயலில் 30 மி.மீ.தான் பெய்தது, நிலையத்தில் 90 மி.மீ. பதிவானது. கைக்கு வருவது ரூ.3,500 அல்ல, ரூ.500. இந்தத் திட்டத்தின் பெரிய பலவீனம் இதுதான், பணம் கட்டுமுன் இதை எல்லோரும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று கேளுங்கள். உங்கள் ஊர் மழையும் அங்கே பெய்வதும் வழக்கமாக ஒத்துப்போகுமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். ஒத்துப்போகாது என்றால் இழப்பீட்டை நம்பி மட்டும் கடன் வாங்காதீர்கள்.

தேதிகளையும் கவனியுங்கள். காப்புக் காலத்துக்கு ஒருநாள் முந்தியோ பிந்தியோ கொட்டித் தீர்த்தாலும் அது கணக்கில் வராது. வறட்சி நாள்களை எண்ணும் பிரிவு இருந்தால், எத்தனை மி.மீ. பெய்தால் மழை நாள் என்று பாருங்கள். வானிலைத் துறையின் அளவு 2.5 மி.மீ. வாழைக்காரர்கள் காற்று வேகப் பிரிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியபோது தோப்புகளைச் சாய்த்தது காற்றுதான். மழை அளவை மட்டும் பார்க்கும் காப்பீடு அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்காது. பூச்சி, நோய் தாக்குதலும் வானிலைக் கணக்கில் நேராக வராது.

கடன் வாங்கியவர்களுக்கு 2020 முதல் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதிக் கொடுங்கள். வேண்டும் என்றால், கடன் கணக்கில் இருக்கும் பயிர்ப் பெயரும் வயலில் நிற்கும் பயிரும் ஒன்றுதானா என்று சரிபார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். கடன் வாங்காதவர்கள் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகலோடு இ-சேவை மையத்துக்குப் போகலாம். கடைசி நாளில் சர்வர் படுத்துவிடும்; இந்த வாரமே போய்விடுங்கள்.

ரசீதில் சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் மையத்திலிருந்து கிளம்புமுன் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பிறகு தெரியவந்தால் 14447-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.