உப்புக்காற்றில் நின்றுபோன கார்

எங்கள் புத்தளத்துக் கராஜில் பழக வந்திருக்கும் தம்பிமாரே,

"நல்லாத்தான் ஓடி வந்திச்சு நானா. திடீரென்டு இழுவை இல்லாமப் போச்சு. இப்ப ஸ்டார்ட்டே ஆகுதில்ல." இந்தப் பேச்சைக் கேட்டே உங்கள் காலம் போகப்போகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை பழைய சன்னியும் மாருதியும் கொரோலாவும்தான் பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் ஓடின, இன்னும் ஓடுகின்றன. வருவது பழைய கார், வீசுவது உப்புக்காற்று. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1. ஸ்பேனரைத் தொடுமுன் கார் எப்படி நின்றது என்று கேள். சுவிச்சை நிறுத்தியது போல ஒரே நொடியில் அணைந்ததா? அப்படியென்றால் கரண்டுப் பக்கம் போ: பியூஸ், கொயில், சென்சர், எங்காவது விட்டுப்போன வயர். குலுக்கி, இருமி, அக்சிலேட்டர் மிதித்தும் ஏறாமல் மெல்ல மெல்லச் செத்ததா? அது பெரும்பாலும் பெற்றோல் பக்கம். சூடேறினால் நிற்பதும் ஆறினால் ஓடுவதும் மூன்றாவது வகை. அதைப் பின்னால் சொல்கிறேன். நின்றதற்கு முதல்நாள் என்ன நடந்தது என்பதையும் கேள். எங்கே பெற்றோல் அடித்தார், சேவிஸ் செய்யும்போது எஞ்சினில் தண்ணீர் பீச்சினார்களா, யாராவது ரேடியோ பூட்டினார்களா. உரிமையாளருக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். கேட்டால்தான் வாயைத் திறப்பார்.

2. சாவியைத் திருப்பு, பிறகு காதைக் கொடு. டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் பற்றரி சோர்ந்துவிட்டது, அல்லது முனை பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்'கோடு நின்றால் ஸ்டார்ட்டரைச் சந்தேகி. எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றவில்லையென்றால் பற்றரியை விட்டுவிடு. பொறியோ பெற்றோலோதான் வரவில்லை. வழக்கத்தைவிட இலேசாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் உடனே கையை எடு. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் சுற்றினால் சில எஞ்சின்களில் வால்வு வளையும்.

3. பற்றரியை மீட்டர் வைத்துப் பார். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரிக்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டாவிட்டால் ஓல்டர்னேட்டரைப் பார். புதுப் பற்றரி வாங்கிப் போட்டாலும் அது மறுபடி இறங்கத்தான் செய்யும். முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சுடுதண்ணீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவி, காயவிட்டு, மேலே வாஸ்லின் பூசு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

4. இனிச் சொல்லப்போவதுதான் இந்த ஊர் வேலை. கொழும்புக் கராஜில் பழகியவன் இதைக் கடைசியில் பார்ப்பான். நீ முதலில் பார். எர்த் வயர். பற்றரியிலிருந்து காரின் பொடிக்கும், அந்தப் பொடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் அந்தத் தடித்த வயர் வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். முனைக்குப் பக்கத்தில் உறையைக் கத்தியால் ஒரு விரலளவு கீறிப் பார். செம்பு நிறத்தில் இருக்கவேண்டிய இழைகள் பாசி பிடித்தது போலப் பச்சையாக இருக்கும். தொட்டால் மாவாக உதிரும். களப்போரம் நிறுத்தும் காரிலும், கருவாடு ஏற்றும் லொறியிலும், கடற்கரையில் படகு இழுக்கும் பிக்கப்பிலும் இது சகஜம்.

உப்பின் குணம் ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தண்ணீரை இழுத்துத் தானே கரையும். இரவில் வயரின் மூட்டுகளில் படிந்த உப்பு ஈரமாகி, கரண்டு கசியும். வெயில் ஏறக் காய்ந்துவிடும். விடியற்காலை எத்தனை தடவை அடித்தும் அசையாத கார் பத்து மணிக்கு ஒன்றும் தெரியாதது போல ஸ்டார்ட் ஆவது இதனால்தான். பேய் பிசாசு என்று நூல் கட்டியவர்களும் இங்கே உண்டு. கச்சான் காற்று பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இதை இன்னும் கவனி.

சோதிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. மீட்டர் இல்லாவிட்டால் ஜம்பர் வயரால் நெகட்டிவையும் எஞ்சினையும் நேரே இணைத்துப் பார். ஸ்டார்ட் ஆகிவிட்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. புது வயருக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

5. பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார் என்றால் கெப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடி. உள்ளே பென்சில் கோடு போலக் கறுப்பாக ஓடியிருந்தால் பொறி அந்த வழியாகத் தப்பிப்போகிறது. துடைத்துப் பயனில்லை, மாற்று. வெறும் ஈரம்தான் என்றால் துணியால் துடைத்தால் போதும். ஒரு பிளக்கை வயரோடு எஞ்சினில் படவைத்து, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்துப் பார்: நீலமாகச் சடசடத்தால் நல்லது, மஞ்சளாக இழுத்தால் பலவீனம். பெற்றோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யாதே. பிளக் வயரை வெறுமனே தொங்கவிட்டும் சுற்றாதே. எலெக்ட்ரோனிக் இக்னிஷன் கெட்டுப்போகும்.

6. பெற்றோல். சாவியை ஓன் செய்ததும் பின்பக்கம் தாங்கியில் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்ற சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பம்ப்புக்கு முன் பியூஸைப் பார், பிறகு ரிலேயை மாற்றிப் பார். பல கார்களில் ஹோர்ன் ரிலேயும் அதே ரிலேதான். கார்பரேட்டர் கார் என்றால் எயார் பில்டரைக் கழற்றி, அக்சிலேட்டரை அழுத்தி, உள்ளே பெற்றோல் பீச்சுகிறதா பார். அடித்து அடித்துப் பிளக் நனைந்துவிட்டால் அக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்று, காய்ந்துவிடும்.

பம்ப் வேலை செய்தும் சந்தேகம் என்றால் கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வை. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். மண்ணெண்ணெய் அப்படி நிற்காது, கலந்துவிடும். கைவிரலில் தேய்த்துப் பார்த்தால் பெற்றோல் பறந்த பின்னும் பிசுபிசுப்பு மிஞ்சும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. மண்ணெண்ணெய் ஓகஸ்ட் வரை 87 ரூபாயிலேயே இருந்தது. படகுக்கு மண்ணெண்ணெய் எரிக்கும் கரையில் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. கலந்து ஓட்டிய கார் சூட்டில் ஓடும், குளிரில் பற்றாது, பாரம் ஏற்றினால் தட்டும், பிளக்கில் கரி கட்டும். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் கானில் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருந்த பெற்றோலும் கெட்டுத்தான் போனது.

7. ஊகத்துக்குச் சாமான் வாங்கச் சொல்லாதே. கொயில் மாற்று, பம்ப் மாற்று, கம்பியூட்டர் பெட்டி மாற்று என்று ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் எர்த் வயரில் வந்து நிற்கும் பாஸ்மார் உண்டு. அவர்களிடம் பழகவேண்டாம்.

8. சூட்டில் நிற்கும் கார். அனுராதபுரம் வீதியில் அரைமணி நேரம் ஓடியதும் நின்று, நிழலில் ஆறியதும் மறுபடி ஓடுகிறதா? கொயிலோ கிராங்க் சென்சரோ சூட்டில் விட்டுப்போகிறது. கராஜில் குளிர்ந்த பிறகு சோதித்தால் ஒன்றும் அகப்படாது. நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே பொறி வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு நீ காரில் கூடவே போகவேண்டும்.

9. இரவில் வீதியில் நின்றுவிட்டால் காரை ஓரங்கட்டி ஹசார்ட் போட்டபின்தான் பொனட்டைத் திற. புத்தளத்துக் கழுதைகள் நடுவீதியில் நிற்கும். அவற்றைத் தவிர்க்க வெட்டும் லொறி உன் பக்கம்தான் வரும்.

10. மழைக்காலத்தில் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் போன்ற இடத்தில் தண்ணீருக்குள் நின்ற கார் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதே. ஸ்டார்ட் அடிக்கவே கூடாது, தள்ளியும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். கயிறு கட்டி வெளியே இழு. எயார் பில்டரைத் திறந்து பார்; அது நனைந்திருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றி, பொறியும் பெற்றோலும் வராதபடி அவற்றின் பியூஸைப் பிடுங்கிவிட்டுச் சுற்று. பிளக் துளை வழியே தண்ணீர் பீச்சியடித்து ஓயும். டிப் ஸ்டிக்கில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலையும் பில்டரையும் மாற்று. கொஞ்ச நேரம் ஓடவிட்டு இன்னொரு தடவை மாற்று. அதன்பிறகும் ஒரு சிலிண்டர் தட்டினால் ராட் வளைந்திருக்கிறது என்று உரிமையாளரிடம் அன்றைக்கே சொல். அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிப்போக விடாதே.