தரிசான நஞ்சையில் நாரை இறங்க

சாகுபடி நின்றுபோன நெல்வயலைப் பறவைக்கும் தவளைக்கும் விட்டுக்கொடுக்க முன்வருபவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பொக்லைனைக் கூப்பிட்டுக் குளம் வெட்டிவிடாதீர்கள். சதுப்பு வாழ்வது பரந்து நிற்கும் ஆழமில்லாத நீரில்.

செய்ய வேண்டியவை

• ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்படி வடிகிறது என்று குச்சி நட்டுக் குறியுங்கள். புலப்படத்தைப் பார்த்தால் தூர்ந்துபோன வாய்க்காலும் தெரியவரும்.

• வடிகாலை அடைத்துவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இல்லினாய் ஆற்றோரம் எமிக்வோன் என்ற இடத்தில், பல பத்தாண்டுகள் மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த நிலத்தில், தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பம்புகளை 2007-இல் நிறுத்தினார்கள். பழைய ஏரி திரும்ப நிறைந்தது. வாத்துகள் கூட்டம்கூட்டமாக வந்தன. நம் வயல்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காலங்காலமாகச் சேறடித்து உழுததில் மேல்மண்ணுக்குக் கீழே ஓர் இறுகிய அடுக்கு உருவாகியிருக்கும். தண்ணீரைத் தாங்குவது அதுதான். ஆழமாகத் தோண்டினால் அது உடைந்துவிடும்.

• நீர்மட்டத்தை ஏற்றி இறக்க, பலகை செருகி எடுக்கும்படி சின்ன மதகு ஒன்று வையுங்கள். கணுக்கால்கூட நனையாத சேற்றில் உள்ளான்கள் இரைதேடும். முழங்காலுக்குக் கீழான நீரில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நிற்கும். கோரை அடர்ந்த ஓரத்தில் தாழைக்கோழி மறையும். மூன்றுக்கும் இடம் வேண்டும்.

• சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். வெட்டினால் துளிர்த்துவிடும்.

செய்யக்கூடாதவை

• மீன்குஞ்சு விடாதீர்கள். ஜிலேபிக் கெண்டையும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஒருமுறை புகுந்தால் தலைப்பிரட்டையும் தும்பியின் இளம்பருவமும் மிஞ்சாது.

• கோடையில் காய்கிறதே என்று போர்த்தண்ணீர் பாய்ச்சாதீர்கள். காயட்டும். கொன்றுதின்னும் மீன்கள் அப்போதுதான் ஒழியும். அடுத்த மழையில் தவளைகள் பெருகும்.

• அவசரப்பட்டுச் செடி வாங்கி நடாதீர்கள். கோரை விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஈரம் பட்டதும் எது முளைக்கிறதென்று பாருங்கள். பூ அழகாயிருக்கிறதென்று வெங்காயத்தாமரையை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள்.

• சுற்றிலும் மரம் நட்டு அடைக்காதீர்கள். உள்ளானுக்குத் திறந்த வெளி வேண்டும். ஒரு மூலையில் நாட்டுக் கருவேலம் சில இருந்தால் கொக்குகள் கூடு கட்டும்.

• பக்கத்து வயல்காரரிடம் சொல்லாமல் மதகை மூடாதீர்கள். அவர் நாற்று ஒருமுறை அழுகினால், மறுநாளே உங்கள் கரையை வெட்டிவிடுவார். அவர் பக்கமும் நியாயம் உண்டு.